சினமும் பகையும்: சாங்கிச் சிறையில் நேர்ந்த சோதனை

மோசேயின் கட்டளை கொலையைத் தடுத்தது. இயேசுவின் மலைப்பிரசங்கமோ அதற்கும் முந்திய சினத்தையே நியாயத்தீர்ப்பின்முன் கொண்டுவந்து நிறுத்திற்று. காணிக்கை செலுத்த வந்தவன், தன்மீது சகோதரனுக்கு மனத்தாங்கல் உண்டென்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டு, முதலில் போய் ஒப்புரவாக வேண்டும் என்பது மத்தேயு 5ஆம் அதிகாரத்துப் போதனை. அங்கே 22ஆம் வசனத்தில் பழைய தமிழ் வேதாகமம் 'நியாயமில்லாமல்' என்றொரு சொல்லைச் சேர்த்துக் காட்டும். காரணமின்றிச் சினப்பவனே குற்றவாளி என்பது அதன் கருத்து. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த வத்திக்கான் கிரேக்கச் சுவடியில் அச்சொல் இல்லை. சினத்துக்கு ஒரு புழைக்கடை வாசல் இருக்கட்டுமென்று பின்வந்தோர் யாரோ திறந்து வைத்தனர் போலும்!

இப்போதனை மலாயாவில் உரைத்துப் பார்க்கப்பட்ட காலம் ஜப்பானியர் ஆட்சிக்காலம். ஜொகூரின் பாரிட் சூலோங்கில், 1942 ஜனவரியில், காயமுற்றுக் கிடந்த ஆஸ்திரேலிய, இந்தியப் போர்வீரர்கள் கொன்று குவிக்கப்பட்டனர். தோட்டங்களிலிருந்து சயாம் ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழருள் பல்லாயிரவர் மீளவேயில்லை. அத்தகைய நாளில் பகையை விடு என்று எவர் நாவும் எளிதில் சொல்லாது.

ஜொகூர் உள்ளிட்ட மலாயா அப்போது சிங்கப்பூர் ஆங்கிலிக்கன் மறைமாவட்டத்துள் அடங்கியிருந்தது. அதன் பிஷப் லியோனார்ட் வில்சன். ஒகாவா என்னும் ஜப்பானியக் கிறிஸ்தவ அதிகாரியின் உதவியால் அவர் 1943 மார்ச் வரையில் வெளியே ஊழியம் செய்ய முடிந்தது. பகைவர் எல்லாரும் ஓரினம் அல்லர் என்பதற்கு இதுவே சான்று. பின்பு அவரும் சாங்கியில் அடைக்கப்பட்டார். அவ்வாண்டு செப்டம்பர் இறுதியில் நேச நாட்டுப் படையினர் சிலர் சிறு படகுகளில் இரவோடிரவாக வந்து, சிங்கப்பூர்த் துறைமுகத்தில் கப்பல்களைத் தகர்த்தனர். சாங்கிக் கைதிகளே அதற்கு உடந்தை என்று கெம்பித்தாய் தவறாக எண்ணியது. அக்டோபர் 10இல் தொடங்கிய வேட்டையில் 57 பேர் பிடிபட்டனர். அவர்களுள் 15 பேர் மாண்டனர். வில்சன் பல நாள் அடிபட்டார்.

மன்னிக்கும்படி வேண்ட வாய் திறந்தபோது, இவர்களை எப்படி மன்னிப்பது என்ற கேள்வி தம்முள் எழுந்ததை அவர் 1946இல் பி.பி.சி. வானொலியில் மறைக்காமல் கூறினார். அடிப்போரை, ஒருகாலத்தில் உடன்பிறந்தாரோடு விளையாடிய குழந்தைகளாக எண்ணிப் பார்த்தாராம். குழந்தையை வெறுப்பது கடினம் அல்லவா? அதுவும் போதவில்லை. இனி அவர்கள் எவ்வாறு ஆகக்கூடும் என்பதை நினைத்த பின்னரே மன்னிப்பு வந்தது. உணர்ச்சி மறைந்துவிட்டது என்று அவர் சொல்லவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

மன்னிப்பு வேறு, வழக்கு வேறு. 1946 மார்ச்சில் சிங்கப்பூரில் தொடங்கிய விசாரணையில் 21 பேர் குற்றக்கூண்டில் நின்றனர்; எண்மருக்குத் தூக்குத் தண்டனை கிடைத்தது, எழுவர் விடுதலையாயினர். வதைத்தோருள் ஒருவர் பின்னர் கிறிஸ்தவரானார். அவருக்குத் திடப்படுத்தல் அளித்தவர் வில்சனே. சிறையிலிருந்து தேவாலயத்துக்கு வந்த அம்மனிதர், வழிபாடு முடிந்ததும் தண்டனையை அனுபவிக்கச் சிறைக்கே திரும்பினார்.