ஒரு சாவிக்கொத்தோட கதை

போன வாரம் பையனோட கார் கம்பெனியில இருந்து ஒரு மெசேஜ். வண்டியில ஒரு பாகத்தை மாத்தணும், காசு வேண்டாம், கொண்டு வாங்கன்னு. "எவனாவது ஏமாத்தறானா பாருடா"ன்னுதான் முதல்ல சொன்னேன். ஓசியில யாருங்க மாத்திக் குடுப்பாங்க? 'ரீகால்'னு பேராம். என்னான்னு தோண்டிப் பார்க்கப் போய் ரெண்டு ராத்திரி தூக்கம் போச்சு.

அமெரிக்காவுல ஒரு காலத்துல விபத்துன்னாலே ஓட்டுனவன் மேலதான் பழி. 1965ல ரால்ஃப் நேடர்ங்கற வக்கீல், தப்பு வண்டியிலயும் இருக்குன்னு ஒரு புத்தகம் எழுதினார். அடுத்த வருஷமே சட்டம் வந்துச்சு. குறை இருந்தா கம்பெனி வண்டிக்காரருக்குச் சொல்லியாகணும். ஆனா இலவசமா சரிபண்ணித் தரணும்ங்கறது 1974லதான் சட்டத்துல ஏறியிருக்கு.

சட்டம் இருந்தும் என்ன நடந்துச்சுன்னு கேளுங்க. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி கோபால்ட், அயான்னு சில சின்ன கார்களை வித்துச்சு. அதுல சாவி போடற சுவிட்சுக்குள்ள இருந்த ஸ்பிரிங்குக்குப் பிடிமானம் பத்தல. சாவிக்கொத்து கனமா இருந்தாலோ, முழங்கால் பட்டாலோ, ஓடிக்கிட்டு இருக்கும்போதே சாவி தானா திரும்பிடும். எஞ்சின் நின்னுடும். ஸ்டீயரிங் கல்லாட்டம் ஆகிடும், பிரேக் அழுத்தமாகிடும். எங்கயாவது மோதினா ஏர்பேக்கும் விரியாது.

இது கம்பெனி இஞ்சினியர்களுக்கு 2005லயே தெரியும். மாத்தறதுக்கு ஒரு வண்டிக்கு ஒரு டாலருக்குள்ளதான் செலவு. அதைச் செய்யாம, சாவிக்கொத்துல கனமான சாமான் மாட்டாதீங்கன்னு வாடிக்கையாளருக்குச் சொல்லச் சொல்லி டீலருங்களுக்கு ஒரு குறிப்பு அனுப்பினாங்க.

அதைவிடக் கொடுமை ஒண்ணு இருக்கு. 2006ல சத்தமில்லாம சுவிட்சை மாத்திட்டாங்க, ஆனா பாக நம்பரை மாத்தல. விதைப் பையில லேபிள் அதே, உள்ள விதை வேறன்னா விவசாயி எப்படிக் கண்டுபிடிப்பான்? அப்படித்தான் ஆச்சு. பழைய வண்டிங்க பழைய சுவிட்சோடவே ஓடுச்சு. 2010ல ஜார்ஜியா மாநிலத்துல ஒரு இளம்பெண் செத்துப்போனாங்க. பெத்தவங்க வழக்குப் போட்டாங்க. அவங்க பக்கத்து இஞ்சினியர் ஒருத்தர் அந்த வண்டியோட சுவிட்சையும் கடையில வாங்கின புதுசையும் பிரிச்சு வச்சுப் பார்த்தார். ஒரே நம்பர். உள்ள ஸ்பிரிங் நீளம் வேற. பொய் அங்கதான் உடைஞ்சுது.

2014 பிப்ரவரியிலதான் வண்டிங்களைத் திரும்பக் கூப்பிட ஆரம்பிச்சாங்க. மொத்தம் 26 லட்சம் போல வந்துச்சு. இழப்பீட்டு நிதியில ஏத்துக்கிட்ட சாவு மட்டும் 124. அடுத்த வருஷம் 90 கோடி டாலர் கட்டி கிரிமினல் வழக்கை முடிச்சாங்க. ஒரு டாலர் வேலைக்கு!

நம்ம நாட்டுல 2012ல இருந்து கம்பெனிங்க தாங்களே விருப்பப்பட்டுக் கூப்பிடற ஏற்பாடுதான் இருந்துச்சு. அரசாங்கமே உத்தரவு போடலாம்ங்கற அதிகாரம் 2019 சட்டத் திருத்தத்துலதான் வந்துச்சு. ஏழு வருஷத்துக்கு உட்பட்ட வண்டிகளுக்குத்தானாம் அது. என்னோட மொபெட்டுக்கு வயசு 16.

அந்த மொபெட் சாவியோட மோட்டார் ரூம் சாவி, வீட்டுச் சாவி, மாட்டுக் கொட்டாய் பூட்டுச் சாவின்னு அஞ்சாறு தொங்கும். நேத்து எல்லாத்தையும் கழட்டி ஆணியில மாட்டினேன். "என்னங்க, திடீர்னு?"ன்னு வீட்டுல கேட்டாங்க. அமெரிக்காவுல இருந்து ஆரம்பிச்சுச் சொல்லணுமேன்னு சும்மா இருந்துட்டேன். பையன் காரை வியாழக்கிழமை விடறான். நானும் கூடப் போறேன், அந்தப் பழைய பாகத்தைக் கையில வாங்கிப் பார்க்கணும்.