வாயில் நேர்தலும் வாயில் மறுத்தலும்

எங்கள் மாமா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் வசிக்கிறார். 2006ஆம் ஆண்டு அவர் வீட்டுக்குக் கணினி வந்தது. ஊரைச் சுற்றியுள்ள குளங்கள், மடைகள் ஆகியவற்றின் பெயர்களைத் தொகுத்துத் தட்டெழுத வேண்டும் என்பது அவரது நெடுநாள் எண்ணம். முதல் வாரத்திலேயே தமிழ் எழுத்துகள் மறைந்து கட்டங்கள் தோன்றின. "இடப்பக்கம் கீழே பாருங்க மாமா" என்று தொலைபேசியில் நாங்கள் சொல்ல, "எல்லாம் கட்டங்கட்டமால்லா தெரியுது" என்று அவர் சொல்ல, ஒரு மணி நேரம் கழிந்ததே மிச்சம். அவருடைய திரை எங்கள் கண்ணுக்குத் தெரிந்திருந்தால் ஐந்து நிமிட வேலை. அது ஏன் அத்தனை கடினமாயிற்று என்று தேடப்போய் அறிந்த வரலாற்றையே இங்குப் பகிர்ந்துகொள்கிறோம்.

தொலைவிலுள்ள கணினியைத் தொட்டு இயக்கும் ஆசை இணையத்தின் வயதே உடையது. 1969 அக்டோபர் 29 அன்று, லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்துக்குச் சென்றதே ஆர்பாநெட்டின் முதற்செய்தி. அது வாழ்த்துரையன்று, மறுமுனைக் கணினிக்குள் நுழைவதற்கான 'லாகின்' என்னும் கட்டளை. முதலிரண்டு எழுத்துகள் சென்றதும் மறுமுனை செயலிழந்தது. சிறிது நேரத்தில் அது சீராகி நுழைவும் கைகூடியது. அக்காலத்தில் வலையில் இருந்தோர் சிலரே. பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். கதவுகள் திறந்தே கிடந்தன.

சுவர்கள் எழுந்தமைக்குக் காரணங்கள் இரண்டு: ஒன்று அச்சம், மற்றொன்று பற்றாக்குறை. 1988 நவம்பர் 2 அன்று பரவிய 'மோரிஸ் புழு' ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கியது. திறந்த கதவு வழியே விருந்தாளி மட்டும் வருவதில்லை என்பது அன்று ஊரறிந்த உண்மையாயிற்று. நிறுவனங்கள் ஃபயர்வால் என்னும் தீச்சுவரை எழுப்பத் தொடங்கின.

பற்றாக்குறை வேறு வகையானது. 1981இல் வகுக்கப்பட்ட இணைய நெறிமுறை, கணினிகளின் முகவரிக்கு 32 பிட்டுகளை ஒதுக்கியது. மொத்தம் ஏறத்தாழ 429 கோடி முகவரிகள். கரைகாணாதது எனத் தோன்றிய அவ்வெண் பத்தாண்டுகளில் குறுகித் தெரிந்தது. 1994 மே மாதம் எகெவாங், ஃபிரான்சிஸ் என்னும் இருவர் ஒரு வழியை முன்வைத்தனர். உள்ளே பல கணினிகள் இருந்தாலும் வெளியுலகுக்குச் சில முகவரிகளே போதும். உள்ளிருந்து மடல் புறப்படும்போது வாயிலில் இருக்கும் கருவி அதைக் குறித்துக்கொள்ளும். மறுமொழி வந்தால் உரியவரிடம் சேர்க்கும். இதைக் குறுங்காலத் தீர்வு என்றே அவர்கள் கூறினார்கள். நம் வீட்டு ரவுட்டர்கள் இன்றும் அதைத்தான் செய்துகொண்டிருக்கின்றன.

இந்த ஏற்பாட்டின் விளைவு ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். உள்ளிருந்து தொடங்கிய உரையாடலுக்கு மட்டுமே மறுமொழி உள்ளே வரும். அழையாமல் வருபவர் யாருக்கு வந்தவர் என்று வாயிற்காவலனுக்குத் தெரியாது. ஆகவே திருப்பி அனுப்பிவிடுவான். முகவரியை மிச்சப்படுத்த வந்த கருவி, யாரும் நினையாமலே ஒரு மதிலாகவும் ஆயிற்று. 2003 ஆகஸ்டில் 'பிளாஸ்டர்' புழு விண்டோஸ் கணினிகளைத் தாக்கியது. மறு ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்த எக்ஸ்பியின் இரண்டாம் திருத்தத்தொகுப்பு, கணினிக்குள்ளேயே இருந்த தீச்சுவரை இயல்பாகவே இயங்கச் செய்தது. மதிலுக்குள் மதில்.

உதவும் கருவிகளும் இதே காலத்தில்தான் பிறந்தன. ஒருவர் திரையை இன்னொருவர் கண்டு இயக்க உதவும் விஎன்சி, 1990களில் கேம்பிரிட்ஜில் இருந்த ஒலிவெட்டி ஆய்வகத்தில் உருவாகி, இலவசமாகவே வழங்கப்பட்டது. 2001இல் வந்த எக்ஸ்பி, உதவி வேண்டுபவர் உதவுபவருக்கு 'அழைப்பு' அனுப்பும் முறையைக் கொண்டுவந்தது. பெயரே அழகு. ஆனால் இருவரும் ரவுட்டருக்குப் பின்னால் இருந்தால் அவ்வழைப்பு பல வேளைகளில் வழிதவறிப் போயிற்று.

மாமாவுக்கு நாங்கள் கையாண்டது தலைகீழ் வழி. எங்கள் ரவுட்டரில் 5500 என்னும் எண்ணுள்ள வாயிலைத் திறந்துவைத்துக் காத்திருப்போம். மாமா உள்ளிருந்து எங்களை நோக்கி இணைப்பைத் தொடங்குவார். அவருடைய மதிலுக்கு அது வெளியே போகிற பேச்சு; எனவே தடையில்லை. உதவி செய்யப் போகிறவர் தம் வீட்டுக் கதவைத் திறந்துவைக்க, உதவி வேண்டுபவர் தட்ட வேண்டும்! அன்று கட்டங்கள் எழுத்துகளாயின. அம்புக்குறி தானே நகர்வதைக் கண்டு மாமா சிறுபிள்ளைபோல் சிரித்தது தொலைபேசியில் கேட்டது.

இரு பக்கமும் கதவைத் திறக்க இயலாதபோது மூன்றாமவர் ஒருவர் வேண்டியிருந்தது. இருவரும் தத்தம் வீட்டிலிருந்து பொதுவான ஒரு வழங்கியோடு பேசுவர். அது ஒருவரின் வெளிமுகவரியை மற்றவருக்குச் சொல்லும். இருவரும் ஒரே நேரத்தில் மடல் விடுப்பர். இரு மதில்களும் எதிர்மடலைத் தம் மடலுக்கு வந்த மறுமொழி என்றெண்ணி உள்ளே விடும். 'துளையிடல்' எனப்படும் இவ்வுத்தி 2000களில் பரவலாயிற்று. அது பலிக்காதபோது பேச்சு முழுவதையும் வழங்கியே சுமக்கும். 2005இல் ஜெர்மனியில் தொடங்கப்பட்ட டீம்வியூவர் போன்றவை இத்தனை சிக்கலையும் மறைத்துவிட்டன. திரையில் தோன்றும் எண்ணையும் கடவுச்சொல்லையும் படித்துச் சொன்னால் போதும்.

2011 பிப்ரவரியில் உலகளாவிய முகவரிக் களஞ்சியம் காலியானது. சேவை நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் அடக்கின. அதற்கெனவே 2012இல் தனி முகவரித் தொகுதி ஒன்று ஒதுக்கப்பட்டது. அத்தகைய இணைப்புள்ளவர் தம் ரவுட்டரில் வாயிலைத் திறந்தும் பயனில்லை. தெருமுனையில் இன்னொரு மதில் நிற்கிறது. மூன்றாமவர் இன்றியமையாதவரானார்.

அகப்பொருள் பயின்றோர்க்கு இது பழகிய காட்சி. தோழி, பாணன், விருந்தினர் எனப் பன்னிருவரைத் தொல்காப்பியம் 'வாயில்கள்' என்றே பெயரிட்டு அழைக்கிறது. பிரிந்து திரும்பும் தலைவன் வாயிலை முன்னிட்டே வீடு புக முயல்வான். அவ்வாயிலை நேர்வதும் மறுப்பதும் தலைவியின் உரிமை. வாயில் மறுத்தல் அங்குக் குற்றமன்று. அதுவும் ஒரு துறை.

அந்த மறுத்தலை மாமாவுக்கு நாங்கள் கற்றுத்தரவில்லை. பல ஆண்டுகளாக அவரைத் தொலைபேசியில் அழைத்து, "எண்ணைப் படிங்க மாமா" என்று மட்டுமே சொல்லி வந்திருக்கிறோம். தொலைவிலிருந்து கைபேசியை இயக்கும் செயலிகளின் வழியே பணம் களவாடப்படுவதை இந்திய ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்திருந்தது. செய்தியைப் படித்தோம், மறந்தோம். இரண்டாண்டுகளுக்கு முன் ஒருநாள், வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்ன முன்பின் அறியாத குரல் ஒன்று, திரையில் தெரியும் எண்ணைப் படிக்கச் சொன்னது. மாமா படித்தார். ஒரு மாத ஓய்வூதியம் போயிற்று. நான்கு மாதம் அவர் யாரிடமும் சொல்லவில்லை. "தலைமையாசிரியர் ஏமாந்தாருன்னு ஊரு சொல்லும்லா" என்றார் பிறகு.

அவர் ஏமாந்ததில் எங்கள் பங்கு உண்டு. முப்பதாண்டுகளாகப் பொறியாளர்கள் கட்டிய மதில்கள் எவையும் அன்று உடைபடவில்லை. கதவு உள்ளிருந்தே திறக்கப்பட்டது. திறக்கப் பழக்கியவர்கள் நாங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். உதவி வேண்டுமென்றால் மாமாதான் எங்களை அழைப்பார், தாமே எழுதிவைத்திருக்கும் எண்ணில். நாங்கள் அழைத்து எண் கேட்டாலும் அவர் சொல்லக்கூடாது. சென்ற மாதம் வேண்டுமென்றே அழைத்துக் கேட்டுப் பார்த்தோம். "சொல்ல மாட்டேன், போனை வையுங்க, நான் கூப்பிடுதேன்" என்றார். அரை நிமிடத்தில் எங்கள் தொலைபேசி ஒலித்தது. குளங்களின் பட்டியல் அறுபதாம் பக்கத்தைத் தாண்டிவிட்டதாம்.