யளனகபக

பேரளம் கடைத்தெருவில், சைக்கிள் கடை மாடியில் 1988-ல் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்தேன். நான்கு ரெமிங்டன், இரண்டு ஃபேசிட். நடவுக்குப் போய்விட்டுக் கால் சேற்றைக் கழுவிக்கொண்டு வரும் பெண்கள் ‘யளனகபக’ என்று முதல் பாடம் அடிப்பார்கள். ஃபீஸ் பாக்கியை அறுவடைக்குப் பிறகு வாங்கிக்கொள்வேன்.

நிலமில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அன்று அது பெரிய நம்பிக்கை. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அரசுத் தேர்வு வரும். லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. இரண்டும் பாஸ் என்றால் சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதித் தட்டச்சர் ஆகலாம். என்னிடம் படித்த சிலர் அப்படிக் கோர்ட்டிலும் தாலுகா ஆபீசிலும் உட்கார்ந்தார்கள்.

2000-க்குப் பிறகு கம்ப்யூட்டர் வாங்கினேன். மிஷினில் பழகிய விரல்கள் கீபோர்டில் பறந்தன. ஆனால் வேலை சென்னையில் இருந்தது. ஹாஸ்டலுக்கும் சாப்பாட்டுக்கும் போனால் சம்பளத்தில் என்ன மிஞ்சும் என்று பெற்றோர் கேட்டார்கள். அந்தச் சமயம் பார்த்து ‘வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி’ விளம்பரம் ஒன்று வந்தது. முன்பணம் 3,000 ரூபாய். நான்தான் எட்டுப் பெண்களைச் சேரச் சொன்னேன். ராப்பகலாக அடித்து அனுப்பினார்கள். பிழை அதிகம் என்று காரணம் சொல்லி, விளம்பரம் கொடுத்தவர்கள் கூலியை மறுத்தார்கள். பிறகு போனையே எடுக்கவில்லை. ஒருத்தி அம்மாவின் தோட்டை அடகு வைத்துப் பணம் கட்டியிருந்தாள். அதை நான் மீட்டுக் கொடுத்தேன். மற்ற ஏழு பேருக்கு என்னால் முடியவில்லை.

இந்தத் தொழிலில் பிழைக்கு மருந்து அன்றே இருந்தது. கம்ப்யூட்டருக்குத் தகவலைத் துளை அட்டையில் அடித்துக் கொடுத்த காலத்திலேயே ஒருவர் அடித்ததை இன்னொருவர் மறுபடி அடித்துச் சரிபார்ப்பார். பிறகு அது இரட்டைப் பதிவு ஆயிற்று: ஒரே தாளை இருவர் தனித்தனியே அடிக்க, ஒத்துப்போகாத எழுத்தைக் கம்ப்யூட்டர் காட்டிக்கொடுக்கும். மனித விரல் தவறும் என்று தெரிந்து வகுத்த முறை இது. எங்களை ஏமாற்றியவர்களோ அந்தத் தவறை வைத்தே பிழைத்தார்கள்.

2007-ல் சலோனி மல்ஹோத்ரா, சென்னை ஐ.ஐ.டி.யின் ஆதரவோடு தேசிக்ரூ நிறுவனத்தைத் தொடங்கினார். ஆளை நகரத்துக்கு அழைக்காமல் வேலையைக் கிராமத்துக்குக் கொண்டுவருவது அவர் எண்ணம். எங்களுக்குப் பக்கத்துக் கொல்லுமாங்குடியிலேயே ஒரு மையம் வந்தது. தோட்டை அடகு வைத்த பெண் அங்கே சேர்ந்தாள். “முன்பணம் கேக்கல டீச்சர், மாசச் சம்பளம்” என்று முதல் மாதம் வந்து சொன்னாள். ஸ்ரீதர் மிட்டா 2008-ல் தொடங்கிய நெக்ஸ்ட்வெல்த், நாமக்கல் மாவட்டம் மல்லசமுத்திரத்தில் மையம் வைத்தது. செயற்கை நுண்ணறிவுக்காகப் படங்களில் உள்ளதைக் குறித்துத் தரும் வேலையும் இன்று அங்கே நடக்கிறது.

இப்போதும் பிள்ளைகள் செல்போனில் விளம்பரத்தைக் காட்டி, “சேரலாமா டீச்சர்?” என்கிறார்கள். வேகம் எவ்வளவு என்று நான் கேட்பதில்லை. “பணம் கட்டச் சொல்கிறார்களா? தப்பு வந்தால் திருத்தித் தர ஆள் இருக்கிறாரா?” என்றுதான் கேட்கிறேன். அன்று அந்த எட்டுப் பேரையும் சேர்ப்பதற்கு முன் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் இவை.