கீரையும் முதுமையும்: வைட்டமின் கே வந்த கதை

கீரை என்றதும் எல்லோருக்கும் இரும்புச்சத்துதான் நினைவுக்கு வரும். அதே கீரையில் நிறைந்திருக்கும் வைட்டமின் கே பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் காலமெல்லாம் தறியில் உட்கார்ந்து பட்டு நெய்த ஒரு பெரியவருக்கு இதயத்தில் செயற்கை வால்வு பொருத்தி, வார்ஃபரின் மாத்திரை கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். "இனிமே கீரையே ஆகாது" என்று வீட்டில் நிறுத்திவிடுவார்கள். இது சரிதானா? விடை வரலாற்றில் இருக்கிறது.

1929-ல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் ஹென்ரிக் டாம் என்பவர் கோழிக்குஞ்சுகளுக்குக் கொழுப்பு நீக்கிய தீனி கொடுத்து ஆராய்ந்தார். குஞ்சுகளின் தோலுக்கடியில் இரத்தம் கசிந்தது. எடுத்த இரத்தமும் உறையத் தாமதமானது. தீனியில் குறைந்த சத்துக்கு 1935-ல் 'வைட்டமின் கே' என்று பெயரிட்டார். உறைதலைக் குறிக்கும் சொல் அவர் மொழியில் 'கே' எழுத்தில் தொடங்கும். 1939-ல் குதிரைமசாலிலிருந்து அது பிரித்தெடுக்கப்பட்டது. டாமும் அமெரிக்கரான எட்வர்ட் டாய்சியும் 1943-ம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இன்னொரு பக்கம், 1920-களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் பூஞ்சணம் பிடித்த ஒருவகைத் தீவனத்தைத் தின்ற மாடுகள் இரத்தம் கசிந்து செத்தன. விஸ்கான்சினில் கார்ல் பால் லிங்க் குழுவினர் அதன் காரணப் பொருளைப் பிரித்தெடுத்தனர். அந்த வழியில் வந்ததுதான் வார்ஃபரின்! 1948-ல் எலி மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1954-ல் அமெரிக்காவில் மனிதர்களுக்கும் அனுமதி கிடைத்தது. வைட்டமின் கே-யின் வேலையைத் தடுப்பதே இதன் வேலை.

சில புரதங்கள் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ள வைட்டமின் கே உதவுகிறது என்பது 1974-ல் தெரிந்தது. இரத்தத்தில் மட்டுமல்ல, எலும்பிலும் இரத்தக்குழாய்ச் சுவரிலும் அப்படிப்பட்ட புரதங்கள் உண்டு. 1997-ல், அவற்றில் ஒன்று இல்லாமல் பிறந்த சுண்டெலிகளின் இரத்தக்குழாய்களில் சுண்ணாம்பு படிந்து, இரண்டு மாதத்துக்குள் அவை இறந்தன. முதுமைக்கும் இந்த வைட்டமினுக்கும் உள்ள தொடர்பு இப்படித்தான் கவனத்துக்கு வந்தது. ஆனால் வைட்டமின் கே மாத்திரை விழுங்கினால் எலும்பு முறிவோ மாரடைப்போ குறையும் என்று ஆய்வுகள் உறுதியாக நிரூபிக்கவில்லை.

அப்படியானால் அந்தப் பெரியவர்? வார்ஃபரினின் அளவு, அவர் வழக்கமாகச் சாப்பிடும் கீரையையும் கணக்கில் கொண்டுதான் அமைகிறது. திடீரென்று கீரையை நிறுத்தினால் இரத்தக் கசிவு வரலாம். திடீரென்று கூட்டினால் இரத்தம் கட்டலாம். எனவே கீரையை விட்டுவிட வேண்டியதில்லை. வாரத்துக்கு வாரம் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிட்டு, மருத்துவர் சொல்லும் நாளில் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டால் போதும். மாற்றம் வேண்டுமென்றால் அவரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.