காரின் மின்னேற்ற அமைப்பு: டைனமோ முதல் ஆல்டர்னேட்டர் வரை

கார் ஓடும்போது விளக்கு, ஹாரன், இக்னிஷன் ஆகியவற்றுக்கு மின்சாரம் தந்து, பேட்டரியையும் சார்ஜ் செய்வது மின்னேற்ற அமைப்பு ஆகும். இன்ஜினின் வேகம் ஓயாமல் மாறும். மின்னழுத்தமோ ஓர் எல்லைக்குள் நிற்க வேண்டும். இந்தச் சிக்கலைத் தீர்க்கும் முயற்சியே இதன் வரலாறு.

டைனமோ காலம்

சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912இல் கேடிலாக் காரில் இடம்பெற்றது. கைப்பிடியைச் சுழற்றும் வேலை ஒழிந்தது. பேட்டரியைக் குறையாமல் வைத்திருக்கும் தேவை கூடியது. அதை நேர்மின்சாரம் தரும் டைனமோ நிறைவேற்றியது. இன்ஜின் மெதுவாகச் சுழலும்போது டைனமோ தரும் மின்சாரம் மிகக் குறைவு. அதனால் பழைய கார்களில் வண்டி நின்றால் விளக்கு மங்கும். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் பிரகாசிக்கும்.

டைனமோவுடன் 'கட்-அவுட்' பெட்டி இணைந்திருந்தது. அதிலுள்ள ஒரு ரிலே, பேட்டரியின் மின்சாரம் டைனமோவுக்குத் திரும்பிப் பாயாமல் தடுத்தது. மற்றொன்று, முனைகள் அதிர்ந்து திறந்து மூடுவதன் மூலம் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தியது. முனை கருகினாலும் ஸ்பிரிங் தளர்ந்தாலும் மின்னழுத்தம் தடுமாறும்.

தமிழ்நாட்டில் இங்கிலாந்தின் லூகாஸும் டி.வி.எஸ். குழுமமும் இணைந்து 1961இல் லூகாஸ்-டிவிஎஸ் நிறுவனத்தைத் தொடங்கின. வாகன மின்கருவிகளைச் செய்யும் அதன் ஆலை சென்னை பாடியில் உள்ளது.

ஆல்டர்னேட்டரின் வருகை

சிலிக்கான் டையோடுகள் மலிவானதும் ஆல்டர்னேட்டர் கார்களுக்கு வந்தது. 1960இல் கிரைஸ்லர் நிறுவனம் தன் வேலியன்ட் காரில் அதைப் பொருத்தியது. இது மாறுமின்சாரத்தை உண்டாக்கி, டையோடுகள் வழியாக நேர்மின்சாரமாக மாற்றுகிறது; இன்ஜின் மெதுவாகச் சுழலும்போதும் போதிய மின்சாரம் தருகிறது. பின்னர் அதிரும் முனைகளின் இடத்தை மின்னணு ரெகுலேட்டர் பிடித்தது. ஆனாலும் பட்டறைகளில் ஆல்டர்னேட்டரை 'டைனமோ' என்றே அழைக்கும் வழக்கம் உண்டு.

பெயரோடு ஒரு பழைய சோதனையும் தங்கிவிட்டது. இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி, வண்டி அணைகிறதா என்று பார்ப்பதே அது. ஆல்டர்னேட்டர் உள்ள காரில் இவ்வாறு செய்தால் மின்னழுத்தம் திடீரென எகிறும். டையோடுகளும், எரிபொருளைக் கட்டுப்படுத்தும் கணினியும் கெடக்கூடும்.

பழுது கண்டறிதல்

பாதுகாப்பான வழி மல்டிமீட்டரால் அளப்பதாகும்.

சில மணி நேரம் ஓய்வில் இருந்த, முழுதும் சார்ஜ் ஆன 12 வோல்ட் பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும்.

இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை இருக்கும். 13க்குக் கீழே நின்றால் பெல்ட், கார்பன் பிரஷ், ரெகுலேட்டர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் மீது சந்தேகம் கொள்ளலாம்.

அளவு ஏறி இறங்கினால் முதலில் பேட்டரி முனைகளையும் எர்த் வயரையும் சுத்தம் செய்து இறுக்க வேண்டும். விளக்குகளை எரியவிட்டு, பேட்டரியின் எதிர்முனைக்கும் இன்ஜின் உலோகத்துக்கும் இடையே அளந்தால் ஏறக்குறைய சுழியம் வர வேண்டும். அரை வோல்ட் வந்தால் எர்த் இணைப்பு பழுது.

எரிபொருளைச் சேமிக்க, புதிய கார்கள் சிலவற்றில் கணினியே மின்னழுத்தத்தை ஏற்றி இறக்குகிறது. அவற்றில் அளவு மாறுவதை மட்டும் கண்டு பழுது என முடிவுசெய்து ஆல்டர்னேட்டரை மாற்றுவது வீண்செலவு.