ஆட்குறைப்பும் இழப்பீடும்

1953இல் துணி தேங்கி, ஆலைகள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பத் தொடங்கியபோதுதான் இந்தியாவில் வேலையிழப்புக்குச் சட்டப்படி இழப்பீடு வந்தது. முதலில் அவசரச் சட்டமாகப் பிறந்து, பிறகு 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தில் சேர்ந்த அந்த ஏற்பாட்டின்படி, ஓராண்டாவது தொடர்ந்து உழைத்தவரை நீக்க ஒரு மாத முன்னறிவிப்பு வேண்டியிருந்தது. பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் தரவேண்டியிருந்தது. கடைசியாகச் சேர்ந்தவரே வழக்கமாக முதலில் போகவேண்டியிருந்தது. மீண்டும் ஆள் எடுத்தால் நீக்கப்பட்டவருக்கே முன்னுரிமை இருந்தது. சட்டத்தின் மிக மனிதநேயமான பகுதி இதுதான். ஆனால் ஆலையே மூடப்பட்டால் அந்த முன்னுரிமை வெறும் எழுத்து. 1976இல் வந்த திருத்தம் 300 பேருக்குக் குறையாத ஆலைகளில் ஆட்குறைப்புக்கும் மூடலுக்கும் அரசின் முன் அனுமதியைக் கட்டாயமாக்கியது. 1982ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த வரம்பை 100 ஆகக் குறைத்தது.