இரவல் மகிழுந்தும் காப்புறுதியும்



கிள்ளானில் திருமணம், பத்துமலையில் தைப்பூசம், பிரிக்பீல்ட்ஸில் மாணவர்க்குத் திருக்குறள் போட்டி என்றால் நம்மவரிடையே மகிழுந்துகள் கைமாறுவது வழக்கம். "அண்ணே, வண்டியைக் கொஞ்சம் கொடுங்கள்" என்று கேட்டால் மறுப்பவர் குறைவு. சாவியைக் கொடுப்பவர் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லி அனுப்புவார். காப்புறுதி யாரைக் காக்கும் என்பது பேச்சில் வருவதேயில்லை. இக்கேள்விக்கு ஏறத்தாழ நூறாண்டு வரலாறு உண்டு.

காப்புறுதி என்பது பணம் கட்டியவருக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம். இரவல் வாங்கி ஓட்டியவருக்கு அதில் என்ன உரிமை? 1924இல் இங்கிலாந்தில் இவ்வினா நீதிமன்றத்தின் முன் வந்தது. உடன்பிறந்தவரின் வண்டியை ஓட்டிய ஒரு பெண்ணால் விபத்து நேர்ந்திருந்தது. அனுமதியுடன் ஓட்டும் உறவினரையும் நண்பரையும் ஒப்பந்தம் குறிப்பிட்டிருந்தமையால், நிறுவனம் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

அடுத்து வந்த வாண்டபிட் வழக்கு எதிர்த்திசையில் சென்றது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் தந்தையின் அனுமதியோடு மகள் வண்டியை ஓட்ட, விபத்தில் வேறொரு பெண் காயமுற்றார். காயமுற்றவர் அம்மகள்மீது தொடுத்த வழக்கில் வென்றார். ஆயினும், மகள் ஒப்பந்தத்தில் ஒரு தரப்பல்லள், தந்தை அவளுக்காகவும் ஒப்பந்தம் செய்ததாகக் கொள்ள முடியாது என்று இலண்டன் பிரிவி கவுன்சில் கூறிவிட்டது. நிறுவனத்திடமிருந்து அவருக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. 1933ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கையில் இவ்வழக்கு பதிவாகியுள்ளது. தொலைதூரக் கனடாவின் கதைதானே என்று எண்ணிவிட வேண்டா. 1985 பிறக்கும்வரை நம் நாட்டு வழக்குகளின் இறுதி முறையீடும் அதே கவுன்சிலுக்குச் செல்ல முடிந்தது.

பிரிட்டனில் இக்குறையைத் தீர்த்தது 1930ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம். மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியதோடு, ஒப்பந்தத்தில் குறிக்கப்பட்ட எவர் ஓட்டினாலும் நிறுவனம் பொறுப்பேற்க வேண்டும் என்றும் அது விதித்தது. அதே வழியில் அமைந்தவையே மலாயாவின் 1958ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் இடத்தைப் பிடித்த 1987ஆம் ஆண்டுச் சட்டமும். 1987 சட்டத்தின் 90ஆம் பிரிவின்படி, காப்புறுதியில்லா வண்டியை ஓட்டுவது போலவே பிறரை ஓட்ட விடுவதும் குற்றமாகும். இரவல் கொடுத்தவரும் தப்ப முடியாது.

இன்றைய தனியார் மகிழுந்து ஒப்பந்தங்கள் பொதுவாக உரிமையாளரையும், அவர் அனுமதியுடன் ஓட்டும் உரிமம் பெற்றவரையும் ஏற்கின்றன. பெயர் குறிக்கப்படாதவர் ஓட்டி வண்டி சேதமுற்றால், பழுதுபார்க்கும் செலவில் முதல் 400 ரிங்கிட்டை உரிமையாளரே ஏற்பது நெடுநாள் நடைமுறை. விரிவான காப்புறுதியின் கட்டணங்கள் 2017 ஜூலை முதல் தளர்த்தப்பட்டபின் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபாடுகள் வந்துள்ளன.

ஆசிரியர்களும் பெற்றோரும் நின்று கவனிக்க வேண்டிய இடம் இனித்தான் வருகிறது. சட்டம் கட்டாயமாக்கும் காப்புறுதி, சாலையில் நடந்து செல்பவரையும் எதிரே வரும் வண்டியில் இருப்பவரையும் காக்கிறது. நம் வண்டியின் பின்னிருக்கையில் அமர்ந்திருக்கும் பிள்ளையைக் காக்க வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. வேலை ஒப்பந்தத்தின்படி ஏற்றிச் செல்லப்படுவோர் போன்ற சிலருக்கே அங்கு விலக்கு உண்டு. போட்டிக்கு அழைத்துச் செல்லும் நான்கு மாணவர்கள் அந்த வகையில் சேரார். ஓட்டுநரின் கவனக்குறைவால் ஒரு மாணவன் காயமுற்றால், இழப்பீட்டுச் சுமை ஓட்டியவர் தலையில் விழும். இதற்காகவே பயணிகளுக்கான சட்டப் பொறுப்பு என்னும் கூடுதல் காப்பு தனியே விற்கப்படுகிறது. பலரும் அதைச் சில ரிங்கிட் மிச்சம் பிடிக்கும் இடமாகவே கருதுவது எனக்கு வியப்பளிக்கிறது. கட்டணம் வாங்கிப் பிள்ளைகளை ஏற்றினால் சிக்கல் இன்னும் பெரிது; தனியார் பயன்பாட்டு ஒப்பந்தம் வாடகைப் பயணத்தை ஏற்பதில்லை.

அந்தக் கூடுதல் காப்பு வண்டியைச் சார்ந்தது. ஆகவே இரவல் வண்டியில் மாணவரை ஏற்றும் ஆசிரியர், தம் சொந்த மகிழுந்துக்கு அதை வாங்கியிருந்தாலும் பயனில்லை; வண்டியின் உரிமையாளர் வாங்கியிருக்கிறாரா என்றே சாவியைப் பெறும்போது கேட்க வேண்டும்.